அண்ணி வண்டியில் இல்லாத பயணங்கள்

இதை வாசிக்க முன்வந்த பெரியோர் முதலில் என்னைப் பொறுத்தருள வேண்டும். நான் எழுத்தாளன் அல்லன். நிலப்பதிவு அலுவலகம் ஒன்றில் பதில் கடிதங்களுக்கு வரைவு தயாரிக்கிறவன். ‘பொருள்’, ‘பார்வை’ என்னும் இரண்டு சொற்களுக்குக் கீழே அன்றி வேறெங்கும் நான் ஒரு பக்கம் முழுமையாக எழுதியதில்லை. கதை எழுதும் முறைமையைக் கற்றவர்கள் எத்தனையோ பேர் இருக்க, நான் இதற்குத் துணிவது அதிகப்பிரசங்கித்தனம் என்பதை அறிவேன். ஆயினும் எங்கள் வீட்டில் நடந்ததை எடுத்துச் சொல்ல வேறொருவர் இல்லை. அண்ணன் இதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

அண்ணி பல் செட்டு செய்பவர். பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்துக்கொண்டு, வீட்டின் முன்னறையில் சன்னலோரமாக ஒரு மேசையில் அமர்ந்து, மெழுகில் ஈறு செதுக்கிப் பற்களைப் பொருத்துவார். ‘இந்த ஊர்ல பாதிப் பேர் என் பல்லாலதான் சிரிக்கிறாங்க. என்னைப் பார்த்தா மட்டும் ஒருத்தரும் சிரிக்க மாட்டேங்கிறாங்க’ என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் பேச்சு. என் அண்ணன் எடைக்கருவி ஆய்வாளர். கடை கடையாகச் சென்று தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது அவருடைய பணி. அதனால் அண்ணி அவரை நேரிலேயே ‘தராசு’ என்று அழைப்பார். எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்கும் எனக்கு ‘மன்னிப்பு’ என்று பெயர்.

அண்ணியின் முதுகுத்தண்டில் ஏற்பட்ட ஓர் அழற்சியால் இரண்டு கால்களும் செயலிழந்தன. கைவிரல்கள் விறைத்துப்போயின. கால்களைக் குறித்து நம்பிக்கை தர இயலாது என்று மருத்துவர் கூறிவிட்டார். வலது கை மட்டும், ஓராண்டு இடைவிடாமல் பயிற்சி அளித்தால் மீளக்கூடும் என்றார். பயிற்சி நிலையம் அடுத்த நகரத்தில், சுங்கம் வசூலிக்கும் நெடுஞ்சாலையின் மறுமுனையில் இருந்தது. வாரத்தில் மூன்று நாட்கள் அங்கே போக வேண்டும்.

“கால் போனா போகட்டும். நான் என்ன ஓட்டப் பந்தயத்துக்கா போகப் போறேன்? மெழுகுக் கத்தியைப் பிடிக்க மூணு விரல் கொடுத்தா போதும்” என்றார் அண்ணி.

அந்த மூன்று விரல்களுக்காகவே அண்ணன் பழைய வேன் ஒன்றை வாங்கினார். பின்புறத்தில் சாய்பலகை பொருத்தி, சக்கர நாற்காலியோடு அண்ணியை ஏற்றி, நான்கு பட்டைகளால் நாற்காலியைத் தரையோடு இறுக்கிவிடுவார். காலையில் நிலையத்தில் விட்டுவிட்டு அலுவலகத்திற்குத் திரும்புவார். மாலையில் மீண்டும் சென்று அழைத்துவருவார். ஆக ஒரு நாளில் நான்கு பயணங்கள். இரண்டில் அண்ணி இருப்பார், இரண்டில் இருக்க மாட்டார். இதை நினைவில் கொள்ளுமாறு வாசகர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பின்னால் நடந்த அனைத்தும் இதிலிருந்தே தொடங்கின.

வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு சிறு கருவி இருந்தது. அதில் சுங்க அட்டையைச் செருகினால், “அட்டை ஏற்கப்பட்டது” என்று ஒரு பெண்குரல் சொல்லும். அதன்பின் சாவடியில் நிற்கத் தேவையில்லை. மெதுவாகச் சென்றால் தடுப்புக் கம்பம் தானாகவே உயரும். உடல் இயலாதவர் பெயரில் பதிவு செய்த அட்டைக்குப் பாதிக் கட்டணம். அது தவிர, வேலை நாட்களில் காலையிலும் மாலையிலும் அடிக்கடி செல்லும் எவருக்கும் முப்பது சதவீதச் சலுகை உண்டு. இரண்டும் நமக்குக் கிடைக்கும் என்பது அண்ணனின் கணக்காக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் கணினியில் கட்டண விவரத்தைத் திறந்து என்னை வாசிக்கச் சொல்வார். முதல் மாத விவரத்தில் பாதிச் சலுகை மட்டுமே இருந்தது.

“பாதி போக மிச்சத்துல முப்பது சதவீதம் கழியணுமே? சாவடிப் பலகையில வேற முழுத் தொகையைக் காட்டுறான். எது நிஜம்?” என்றார் அண்ணன்.

“போன் போட்டுக் கேளுங்களேன். இல்லன்னா இன்னைக்குச் சாப்பாடு உங்களுக்கு இறங்காது” என்றார் அண்ணி.

அண்ணன் உதவி எண்ணை அழைத்து, எங்களுக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் வைத்தார். மறுமுனையில் ஓர் இளம்பெண் பொறுமையாக விளக்கினார்.

“ரெண்டு சலுகையும் ஒண்ணா சேராதுங்க சார். ஒரே பயணத்துக்கு ரெண்டு பொருந்தினா, எது அதிகமோ அது மட்டும்தான். பலகையில வர்றது கழிக்கிறதுக்கு முன்னாடி உள்ள தொகை. ரெண்டு மூணு நாள் கழிச்சு விவரத்துல பாருங்க, அதுதான் சரியான தொகை.”

“அது முறைதான்” என்றார் அண்ணன். அத்துடன் அழைப்பைத் துண்டித்திருக்கலாம். துண்டிக்கவில்லை. “இன்னொரு சந்தேகம்மா. என் மனைவியை இறக்கிவிட்டுட்டுத் தனியா திரும்பி வர்றேன். அதுக்கும் பாதிதான் பிடிச்சிருக்கு. அது சரியா?”

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “அவங்க வண்டியில இல்லன்னா அந்த அட்டையைப் பயன்படுத்தக் கூடாதுங்க சார். ஆனா கருவிக்கு அது தெரியாது. யாரும் கேட்கவும் மாட்டாங்க.”

“நான் கேட்டுட்டேனேம்மா” என்றார் அண்ணன்.

அண்ணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “கேட்டீங்களா தம்பி? நான் உள்ள இருந்தா பாதி, இறங்கிட்டா முழுசு. கல்யாணம் ஆன நாள்லேருந்து எனக்கு இவ்வளவு மதிப்பு இருந்ததே இல்ல. தராசு, இனிமே என்னை இறக்கிவிடாதீங்க. அப்படியே ஆபீசுக்கும் கூட்டிட்டுப் போயிடுங்க.”

அண்ணன் சிரிக்கவில்லை. அதுவரை தவறாகக் கழிந்த தொகையைத் திருப்பிச் செலுத்த விரும்புவதாக ஒரு கடிதம் வரைந்து தருமாறு என்னிடம் கேட்டார். தந்தேன். அவ்வாறு பெற்றுக்கொள்ள விதிகளில் இடமில்லை என்று பதில் வந்தது. அடுத்த வாரமே அவர் தம் பெயரில் இன்னோர் அட்டை வாங்கினார். அண்ணியோடு செல்லும்போது அண்ணியின் அட்டை, தனியே செல்லும்போது தம் அட்டை. தனிப் பயணங்கள் சலுகை நேரத்துக்குள் அமைந்ததால் அவற்றுக்கு முப்பது சதவீதம் கழிந்தது. இரண்டு சலுகைகளையும் தனித்தனியே பிரித்து நேர்செய்துவிட்டதில் அவருக்கு ஒரு நிறைவு இருந்தது. அவர் அவ்வாறு நிறைவடைந்து நான் கண்டது அரிது. ஆகவே நானும் மகிழ்ந்தேன்.

தொல்லை ஒன்றே ஒன்றுதான். இரண்டு அட்டைகளும் ஒரே நிறம், ஒரே படம். பெயர் மட்டும் மூலையில் பொடி எழுத்தில் இருந்தது. கருவியோ எவருடைய அட்டை என்று சொல்வதில்லை. அடையாளத்துக்கு ஒரு வண்ணக் காகிதம் ஒட்டிப் பார்த்தார். அது கருவிக்குள் சிக்கிக்கொண்டு, அண்ணியின் இடுக்கியால் எடுக்க வேண்டியதாயிற்று. எனவே ஐயம் வரும்போதெல்லாம் அட்டையை வெளியே இழுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் செருகுவதைப் பழக்கமாக்கிக்கொண்டார். தராசில் கல்லை ஒருமுறைக்கு இருமுறை வைத்துப் பார்ப்பவருக்கு அது இயல்பாகவே வந்தது.

அண்ணியின் விரல்கள் மெல்ல மெல்லத் திரும்பின. முதலில் கட்டைவிரல் மடங்கியது. பிறகு கரண்டியைப் பிடிக்க முடிந்தது. ஒருநாள் சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொண்டு, அதைக் காட்டுவதற்காக அலுவலகத்தில் இருந்த என்னைத் தொலைபேசியில் வீட்டுக்கு அழைத்தார். மருத்துவர்களிடம் சொல்லி மீண்டும் அச்சுகள் அனுப்பச் செய்தார். மூடியிருந்த மேசையின் மேலிருந்த துணியை நானே எடுத்து உதறினேன்.

அதற்குச் சில நாட்கள் கழித்து, ஒரு மாலை, நான் அரைநாள் விடுப்பில் இருந்தேன். அண்ணனோடு வேனில் சென்றேன். நிலையத்தின் வாசலில் அண்ணி வலது கையைப் பொத்தியபடி காத்திருந்தார்.

“தம்பி, கையில என்ன இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்.”

“தெரியலை அண்ணி. மன்னிக்கணும்.”

“ஆரம்பிச்சாச்சா?” என்று கையைத் திறந்தார். பயிற்சிக்குக் கொடுத்த களிமண்ணில் ஒரு கடைவாய்ப் பல் செய்திருந்தார். மேற்புறத்துக் குழிகள்கூடச் சரியாக இருந்தன.

“யார் வாய்க்கு அண்ணி?”

“உங்க அண்ணனுக்குத்தான். பொய் சொல்லப் பழகணும்னா முதல்ல பொய்ப்பல் வேணுமே.”

அண்ணன் அப்போது ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து அட்டையை மாற்றிக்கொண்டிருந்தார். அதை இழுத்தவர் இந்தப் பேச்சைக் கேட்டுத் திரும்பி, பல்லைக் கையில் வாங்கிப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்து, அதை அண்ணியின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பிறகு எழுந்துவந்து நாற்காலியை ஏற்றி, நான்கு பட்டைகளையும் இறுக்கி, வண்டியை எடுத்தார். நான் பின்னால் அண்ணியின் பக்கத்தில் அமர்ந்தேன்.

சாவடி கண்ணுக்குத் தெரிந்தபோது அண்ணனின் குரல் மாறியது.

“தம்பி, நான் மாத்தினேனா? எந்த அட்டை உள்ள இருக்கு?”

“கவனிக்கலையே அண்ணா.”

“எதுவா இருந்தா என்னங்க?” என்றார் அண்ணி. “உங்களுது இருந்தா கொஞ்சம் கூடப் போகும். யார் குடியும் முழுகாது. ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம், பேசாம ஓட்டுங்க.”

“கூடப் போறதும் தப்புதான். எடை குறைஞ்சாலும் தப்பு, கூடினாலும் தப்பு” என்றபடி அவர் இடக்கையால் அட்டையை இழுத்து, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். “உன்னுதுதான்” என்றார். அந்தச் சொல்லில் இருந்த நிம்மதியை இன்றும் என்னால் மறக்க இயலவில்லை. அட்டையைத் திரும்பச் செருகினார்.

அட்டையைக் கருவி படித்து முடிக்கச் சில நொடிகள் ஆகும். அந்தச் சில நொடிகள் எங்களிடம் இல்லை. வேன் ஏற்கெனவே தானியங்கிப் பாதைக்குள் நுழைந்திருந்தது. கம்பம் உயரவில்லை. அண்ணன் பிரேக்கை அழுத்தினார். பின்னால் குளிர்பானப் பெட்டிகளை ஏற்றிவந்த லாரி, நாங்கள் நிற்க மாட்டோம் என்றே நம்பி வந்தது.

லாரி வேனின் பின்புறத்தில் மோதியது. அதன்பின் கேட்ட முதல் குரல் கருவியுடையது. “அட்டை ஏற்கப்பட்டது” என்றது. கம்பம் உயர்ந்து எங்களுக்கு வழிவிட்டது.

நான்கு பட்டைகளும் அறாமல் இருந்தன. நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது. இரத்தம் இல்லை. ஆகவே பெரிதாக ஒன்றுமில்லை என்று நான் எண்ணினேன். அண்ணியின் தலை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

“தம்பி, என் கை எங்க?” என்றார்.

“மடியிலதான் இருக்கு அண்ணி.”

“மூடியிருக்கா, திறந்திருக்கா?”

“மூடியிருக்கு அண்ணி.”

“பல்லு உடைஞ்சிடாம பார்த்துக்கோங்க” என்றார். அண்ணி வேடிக்கையாக ஏதும் சொல்லி நான் கேட்டது, அதை வேடிக்கை என்று கொள்ளலாமென்றால், அதுவே கடைசி.

கழுத்தெலும்பு இரண்டு இடங்களில் நொறுங்கி நரம்பை அழுத்தியிருந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். கைகளைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. லாரி ஓட்டுநர் மருத்துவமனைக்கு வந்து அண்ணனின் காலில் விழப் போனார். அண்ணன் அவரைத் தூக்கி நிறுத்தி, “நீங்க என்ன செய்வீங்க, நான்தான் நின்னேன்” என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அண்ணன் கணினியை என் மடியில் வைத்தார்.

“வாசி.”

“இப்ப வேண்டாமே அண்ணா.”

“வாசிடா.”

வாசித்தேன். அந்த மாலைப் பயணத்துக்கும் ஒரு வரி இருந்தது. உடல் இயலாதோர் சலுகை, ஐம்பது சதவீதம். கட்டணம் சரியாகக் கழிந்திருந்தது. அண்ணன் தலையை ஆட்டினார். பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அதற்குப்பின் எந்த ஞாயிறும் அவர் அதைத் திறக்கச் சொல்லவில்லை.

அண்ணியை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவர் அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டார். குரல் மிகவும் மெலிந்திருந்தது.

“எடுத்துப் பார்த்தீங்களே, அதுல என் பேருதான் இருந்துச்சா?”

“ஆமா.”

“அப்பச் சரி” என்று கண்களை மூடிக்கொண்டார். அதைக் கோபத்தில் சொன்னாரா, ஆறுதலாகச் சொன்னாரா என்று அண்ணனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை. அவர்கள் இருவருக்கும் இடையில் அதன்பின் நடப்பதெல்லாம் தண்ணீர் வேண்டுமா, திருப்பிப் படுக்க வைக்கட்டுமா என்ற அளவில்தான்.

பயிற்சி நிலையத்திலிருந்து ஒரு முறை வந்து பார்த்தார்கள். இனி அவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்று மிகுந்த கனிவோடு சொல்லிச் சென்றார்கள். அண்ணன் அதன்பின்னும் பணிக்குப் போய்வந்தார். ஆனால் தராசில் கல்லை வைத்துப் பார்க்கவில்லையாம். கடைக்காரர் நீட்டும் இடத்தில் சரி என்று முத்திரை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவாராம். அவருடன் பணியாற்றும் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, இதை மேலிடம் அறிந்தால் வேலை போய்விடும் என்று எச்சரித்தார். அண்ணனிடம் சொன்னேன். “போகட்டும்” என்றார். கடந்த மாதம் போய்விட்டது.

இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. இழந்தவற்றை மட்டும் குறித்து அமைகிறேன். அண்ணியின் வலது கையில் மீண்டுவந்த மூன்று விரல்கள். இடது கையில் முன்பே இருந்த சிறிது அசைவு. தாமாக நிமிர்ந்து உட்காரும் ஆற்றல். மருத்துவர்கள் புதிதாக அனுப்பி, செய்யாமலே திருப்பிக் கொடுத்த அச்சுகள் ஆறு. மேசையும் அதிலிருந்த கருவிகளும். வாங்கியவர் கத்திகளைத் தனியே எண்ணி எடுத்துச் சென்றார். வேன். அண்ணனின் வேலை. என்னை ‘மன்னிப்பு’ என்றும் அவரைத் ‘தராசு’ என்றும் அழைக்கும் வழக்கம். வேறு எதுவும் விடுபட்டதாகத் தெரியவில்லை.