சத்தம் போடாத பிள்ளை

நாற்காலியில் உட்கார்ந்ததுமே என் கணவர் தினேஷுக்குக் கண் சொக்கிவிட்டது. பிழைக்க வந்த இந்த வடக்கத்தி ஊரில், சிஞ்ச்வட் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகப் பள்ளிக்கு வந்திருந்தார். தாய் தகப்பன் இருவரும் வந்தே தீர வேண்டுமாம். இதை இன்டர்வியூ என்றும் சொல்லக் கூடாதாம், இன்டராக்‌ஷன். மூன்றரை வயதுப் பிள்ளையை உட்காரவைத்துக் குடைவதற்கு என்ன பெயர் வைத்தால் என்ன?

இது மூன்றாவது கான்வென்ட். கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில்தான் ஒழுக்கமும் இங்கிலீஷும் வரும் என்று தினேஷ் ஒற்றைக் காலில் நின்றார். முதல் இரண்டு இடங்களில் கீர்த்தி வாயே திறக்கவில்லை. குழந்தை பேசவில்லையே, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். இங்கேயும் கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு வருடம் பகலெல்லாம் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்குள்தான் நாங்கள் மூவரும்.

போன வாரம் திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் தொடையைக் கிள்ளிவிட்டேன். வீட்டில் என் காதோரம் ஆயிரம் கதை சொல்கிறவள், அங்கே போய் ஊமைக்கோட்டான் மாதிரி உட்கார்ந்தால் கோபம் வராதா? கிள்ளியதற்கும் சத்தமில்லாமல்தான் அழுதாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் சிஸ்டர் ரீனா. வயதானவர், சுவரில் மாதா படம், மேசையில் மரக்கட்டைகள். சிவப்புக் கட்டை ஒன்றை எடுத்து, இது என்ன நிறம் என்று இந்தியில் கேட்டார். கீர்த்தி கட்டையைப் பார்த்தாள், பிறகு தன் அப்பாவைப் பார்த்தாள்.

"சொல்லுடி! வீட்ல அத்தனை தடவை சொன்னியே!"

கீர்த்தி என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். "ஷ்ஷ்... அப்பா தூங்குறாங்கம்மா."

திரும்பிப் பார்த்தேன். தலை நெஞ்சில் தொங்க, நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தார். மானம் போயிற்று என்று முழங்கையால் இடிக்கப் போனேன். சிஸ்டர் வேண்டாமென்று கையமர்த்தினார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் உதட்டில் வைத்த விரலுக்கு எந்தப் பாஷை வேண்டும்? மேசை மேல் நன்றாகக் குனிந்து, அதே கேள்வியைக் கிசுகிசுப்பாகக் கேட்டார்.

"லால்," என்றாள் கீர்த்தி, அதே கிசுகிசுப்பில்.

அப்புறம் மஞ்சள் வந்தது, வாத்து வந்தது, ரயில் வந்தது. பாட்டு தெரியுமா என்றதும் எழுந்து நின்று, கை தட்டித் தட்டி ஆடும் பாட்டு ஒன்றை முழுசாகப் பாடினாள். பாட்டு காற்றாகத்தான் வந்தது. ஒவ்வொரு தட்டலுக்கும் இரண்டு உள்ளங்கையும் வேகமாக நெருங்கி வந்து, ஒட்டுவதற்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றன.

இதை நான் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. மெதுவா, அப்பா தூங்குறாங்க என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன், இரண்டு வருடமாக, பகல் முழுக்க. குக்கர் விசில் அடிக்கும் முன் ஓடிப்போய் அடுப்பை அணைக்கிறவள் நான். முதல் இரண்டு கான்வென்ட்டிலும் அவர் இப்படித்தான் கண்மூடிச் சாய்ந்திருந்தார். சொன்ன பேச்சைக் கேட்ட பிள்ளையைத்தான் கிள்ளியிருக்கிறேன். என் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சிஸ்டர் பாரத்தில் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை பர்த் சர்டிபிகேட்டோடு வாருங்கள், சீட் உண்டு என்று என்னிடமும் கிசுகிசுத்தார். சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. கீர்த்தியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"சத்தமாவே கை தட்டு கண்ணு. அம்மாதான சொல்றேன், தட்டு."

அவள் தினேஷை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு என் காதுக்குள் சொன்னாள்:

"அப்பா எந்திரிச்சதும் தட்டுறேம்மா."