வெட்டப்பட்ட வசனம்

அந்தக் காலத்தில் தொலைக்காட்சி நாடகம் நேரடி ஒளிபரப்புதான்; தவறைத் திருத்த வழி கிடையாது. நடிகர் தும்மினால் அமெரிக்கா முழுக்கப் பார்க்கும். எங்கள் நியூயார்க் ஸ்டுடியோவில் வாரம் ஒரு புது நாடகம். காட்சித் தளத்தைக் கவனித்துக்கொள்வது என் வேலை.

அந்த ஞாயிறு இயக்குநர் ஃபைகன்பாமுக்கு வெர்னா ஓடெகார்ட் மேல் எரிச்சல். மேடை நாடகத்திலிருந்து வந்த நடிகை; நிதானமாகத்தான் பேசுவாள். கடைசி ஒத்திகை நேரம் தாண்டிப் போனதும் அவர் பென்சிலை எடுத்தார்.

“கடைசிக் காட்சில உங்க வசனம் மொத்தமும் வேண்டாம். புருஷன் சுரங்கத்துல செத்துட்டான்னு சேதி வருது, உக்கார்றீங்க, முடிஞ்சுது.”

“அந்த வசனத்துக்காகத்தான் இந்த வேஷத்துக்கே ஒத்துக்கிட்டேன்.”

“ஆமை மாதிரி பேசினா நான் என்ன பண்றது? இனிமே உங்களைக் கூப்பிடறதா இல்ல.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் எனக்கும் வேலை வேண்டுமே, தளத்தைச் சரிபார்க்கப் போய்விட்டேன்.

ஒளிபரப்பு தொடங்கியது. மற்ற நடிகர்கள் பயத்தில் வசனங்களைக் கொட்டித் தீர்த்துவிட்டார்கள். கடைசிக் காட்சி வந்தபோது விளம்பரத்துக்கு இன்னும் மூன்று நிமிடம் கிடந்தது. விளம்பரமோ குறித்த நேரத்தில்தான் போகும். என் காதில் மாட்டியிருந்த கருவியில் ஃபைகன்பாம் அலறினார்.

“டேய் டொமினிக், இழுக்கச் சொல்லுடா! எதையாவது பண்ணச் சொல்லு!”

சேதி சொன்ன நடிகர் வெளியேறியிருந்தார். வெர்னா தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் கேமராவுக்கு அடியில் மண்டியிட்டு, மாவை இழுப்பதுபோல் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். பார்த்தாள். வெட்டிய வசனத்தைப் பேசப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் எழுந்து அடுப்பருகே போனாள். கணவனுக்காக மூடி வைத்திருந்த தட்டை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். பிறகு அவன் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் சாப்பாட்டைச் சாப்பிட ஆரம்பித்தாள். உருளைக்கிழங்கை வெட்டினாள். மென்றாள். தொண்டையில் இறங்க மறுத்ததை விழுங்கினாள். மறுபடி ஒரு வாய். சுரங்கக்காரன் வீட்டில் சாப்பாட்டை எறிய முடியாது அல்லவா!

கேமராக்காரன் கோசாக் யாரும் சொல்லாமலே அவள் முகத்தை நெருங்கினான். அவன் அப்பாவும் சுரங்கத்தில் உயிர்விட்டவர்தான். பக்கத்துத் தளத்தில் விளம்பரத்துக்காகக் குளிர்சாதனப் பெட்டியைப் பிடித்தபடி நின்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். என் காதில் ஃபைகன்பாமின் மூச்சு மட்டும் கேட்டது. மனிதர்களால் இப்படியும் முடியுமா!

ரொட்டித் துண்டால் தட்டை வழித்து, கடைசி வாயையும் சாப்பிட்டாள். விளம்பரம் போனது.

ஃபைகன்பாம் மாடியில் இருந்த கட்டுப்பாட்டு அறையிலிருந்து இறங்கி வந்தார்.

“அந்த வசனத்தையே பேசியிருக்கலாமே?”

“பேசினேனே.”

அவர் மேசையில் இருந்த காலித் தட்டைப் பார்த்தார்.

“கேட்டுச்சும்மா,” என்றார். “செவ்வாய்க்கிழமை ஒத்திகை. வந்துடுங்க.”