சிவப்பை எடுக்கும் மருந்து

மாமியார் மருமகளின் மோவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். இடது கண் செக்கச் செவேலென்று இருந்தது.

"காலங்காத்தால அழுதாச்சா?"

"அழல அத்தை. கண்ணு குத்துது. வெளிச்சத்தப் பாத்தா தாங்க முடியல."

மாமியார் நம்பவில்லை. அந்த வீட்டில் மருமகளின் கண் சிவந்தால் அதற்கு ஒரே காரணம்தான் உண்டு. மூத்த மருமகள் போன வருடம் அழுத கண்ணோடு வாசலில் போய் நின்றதில் தெரு முழுக்கப் பேச்சாகிவிட்டது. அவள் புருஷனை அழைத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனது வேறு கதை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அதனால் மாமியார் இளைய மருமகளை மூடி வைத்தார். வாசல் பக்கம் வரக்கூடாது, துணி காயப்போட மாடிக்குப் போகக்கூடாது, எதிர்வீட்டு அக்கா கூப்பிட்டால் தூங்குகிறாள் என்று பதில். உள் அறையின் ஜன்னல் திரையையும் இழுத்து விட்டார். வெளிச்சம் பட்டாலே துடித்துக்கொண்டிருந்த மருமகளுக்கு இந்தத் தண்டனை ஒன்றுதான் ஆறுதலாக இருந்தது.

புருஷன் நல்லவன், அம்மா சொன்னதைக் கேட்பான். மருந்துக்கடைக்குப் போய், கண் சிவப்பை எடுக்க ஏதாவது கொடுங்கள் என்றான். கடைக்காரரும் கேட்டதைக் கொடுத்தார். விருந்தாளி வருகிற நேரம் பார்த்து இரண்டு சொட்டு விட்டால் சிவப்பு கொஞ்சம் அடங்கும். அவர்கள் படியிறங்கியதும் பழையபடி ஏறிக்கொள்ளும். வலி மட்டும் வந்தவர் போனவர் என்று பார்க்காமல் அங்கேயே இருந்தது. அவள் வலிக்கிறது என்றபோதெல்லாம், கண்தான் வெளுத்துவிட்டதே என்றார்கள். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

பிறகு பார்வை மங்கியது. அதையும் சொன்னாள். வேலைக்குச் சாக்கு என்று தீர்ப்பானது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புருஷனின் மேலதிகாரி வீட்டுக்கு வந்தார். அவள் டீயைக் கோப்பைக்கு இரண்டு விரல் தள்ளி அவர் மடியில் ஊற்றினாள். வலித்துக்கொண்டிருந்த வரைக்கும் அது அவள் கண். டீ மேலதிகாரி மேல் கொட்டியதும் அது குடும்பத்தின் கண்ணாகிவிட்டது. மறுநாளே மாமியார் அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனார்.

போன இடத்தில் எதிர்வீட்டு அக்கா கண்ணாடி மாற்ற வந்து உட்கார்ந்திருந்தார். மாமியார் வேகமாக மருமகளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

டாக்டர் ஒரு பெண். மருமகளின் வலது கண்ணை மூடி, சுவரிலிருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். பழக்க தோஷத்தில் மாமியாரே கடைசி வரி வரைக்கும் படித்து முடித்தார்.

"உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கும்மா. இப்ப அவங்க படிக்கட்டும்."

அவளுக்கு மேலே இருந்த பெரிய எழுத்து மட்டும்தான் தெரிந்தது. டாக்டர் டார்ச்சை வலது கண்ணில் அடித்தார். வலித்தது இடது கண். டாக்டர் அதற்கு ஆச்சரியப்படவில்லை. கருவியில் அவள் முகத்தைப் பொருத்தி நெடுநேரம் பார்த்தார். அழுது அழுதே இப்படி ஆக்கிக்கொண்டாள் என்று மாமியார் எடுத்துக்கொடுத்தார்.

"அழுதா ரெண்டு கண்ணும் சிவக்கும்மா. ஒரு கண்ணால மட்டும் அழறவங்கள நான் இன்னும் பாக்கல."

கண்ணுக்குள்ளே அழற்சி என்றார். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் சொட்டு மருந்திலேயே அடங்கியிருக்கும். இப்போது கண்ணின் நடுவிலிருக்கும் பாவை பின்னாலிருக்கும் லென்ஸோடு ஒட்டிக்கொண்டு கோணிப் போயிருக்கிறது. மருந்து தருகிறேன், பார்வை எவ்வளவு திரும்பும் என்று இன்றைக்குச் சொல்ல முடியாது என்றார். இத்தனை நாளில் அப்போதுதான் மருமகளுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

மாமியார் முகம் மலர்ந்தது.

"அப்ப இவ அழல. நாங்க ஒண்ணும் பண்ணல."

சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து எதிர்வீட்டு அக்காவைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தார். மருமகள் அழவில்லை என்று டாக்டர் வாயாலேயே இவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதை நோயாளிதான் சொல்ல வேண்டும் என்றார் டாக்டர்.

மருமகள் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்தாள்.

"நான் அழல அக்கா. கண்ணுல நோய். மொத நாளே சொன்னேன். அழறேன்னு சொல்லி உள்ள வெச்சுட்டாங்க. இப்ப பார்வை முழுசா வருமான்னே தெரியல."

எதிர்வீட்டு அக்கா மாமியாரையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமியார் டாக்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சிவப்பு போயிடும் இல்ல டாக்டர்?"

"சிவப்பு போயிடும்."

"அது போதும்," என்றார் மாமியார்.