வாசல் கேட்டில் ஒரு வெள்ளைத் துணி

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல, என் அக்காவின் சுறுசுறுப்பில் உதித்தது. அவளை 'ஒரு பெண்மணி' என்று மாற்றித்தான் எழுதினேன். இரண்டே வரியில் அந்தப் பெண்மணி என்னை அதட்ட ஆரம்பித்துவிட்டாள்.

2

முதல் தொடக்கம்: 'காட்டை ஒட்டிய அந்தத் தெருவில் மரங்கள் ஏதோ ரகசியம்...' (வேண்டாம். மரங்களுக்கு வேறு வேலை இல்லையா.)

இரண்டாவது: தீயணைப்பு நிலைய அதிகாரி தெருக்காரர்களைக் கூட்டிப் பேசினார். கூரையிலிருக்கும் சருகை அள்ளுங்கள், விறகைச் சுவரோரம் அடுக்காதீர்கள். சைரன் கேட்டதும் வீட்டைக் காலி செய்துவிட்டு, கடைசியாக வாசல் கேட்டில் வெள்ளைத் துணி கட்டுங்கள். துணி இருந்தால் உள்ளே ஆளில்லை என்று எங்கள் வண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

அக்கா அன்று சாயங்காலமே கட்டிவிட்டாள்.

3

ஒத்திகை நாளில் சைரன் ஊதியது. அக்காவுக்கு முழங்கால் மக்கர் செய்யும். தீயணைப்பு வண்டியில் ஏறிக்கொள்ளலாம் என்று பையும் மருந்துச் சீட்டுமாக முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். வண்டி வந்தது. துணியைப் பார்த்தது. போய்விட்டது.

நிலையத்துக்கே போன் போட்டாள். "என்னை விட்டுட்டுப் போயிட்டீங்க."

"துணி கட்டியிருந்துச்சேம்மா," என்றார் அதிகாரி.

"சைரன் அடிக்கிற அவசரத்துல துணியைத் தேடிட்டு இருக்க முடியுமா? அதான் முன்னாடியே கட்டி வச்சேன். கடைசி நேரத்துல கையைப் பிசையிற ஆள் இல்ல நான்."

அதிகாரி முன்ஜாக்கிரதையைப் பாராட்டி, துணியை அவிழ்க்கச் சொன்னார்.

4

இதுவரை நடந்தது. கதைக்கு நிஜத் தீ வேண்டாமா? எழுதினேன்: மதியம். சரிவில் புகை. அக்கா மாத்திரை போட்டுக்கொண்டு அசந்து தூங்குகிறாள். வண்டி தெருவுக்குள் திரும்புகிறது. ஓட்டுநர் கேட்டைப்

(இங்கே பேனாவை வைத்துவிட்டு அவளுக்கு போன் செய்தேன்.)

"துணியை அவுத்துட்டியாக்கா?"

"அவுத்தா எங்க வச்சேன்னு மறந்துடுவேன்டா. அங்கேயே இருக்கட்டும். நீ என்ன பண்ற?"

"சும்மா, கதை எழுதிட்டு இருக்கேன். ஒரு பெண்மணியைப் பத்தி."

"நான்தானே அது. எனக்கு என்ன ஆகுது அதுல?"

போனை வைத்துவிட்டேன். எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

5

மாற்று முடிவுகள்.

அ) ஓட்டுநர் சந்தேகப்பட்டு இறங்கிப் பார்க்கிறார். (ஏன் சந்தேகப்பட வேண்டும்? சொன்னபடி வேலை செய்கிற மனிதர்.)

ஆ) அக்கா இருமுகிறாள். (வண்டிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?)

இ) (எழுதினேன். அடித்துவிட்டேன். கேட்காதீர்கள்.)

வண்டி இன்னும் தெருவில்தான் நிற்கிறது. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், உங்களால் முடியும்; அவள் உங்கள் அக்கா இல்லை. நான் துணியை அவிழ்க்கப் போகிறேன். திட்டுவாள்தான். திட்டுவதற்கு அவள் இருந்தால் போதும் எனக்கு.