கையகலத் தலையணை

“வாங்க அண்ணி, தண்ணி ஊத்தணும். கிணத்தடியில எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க” என்று ஜெயா தோளைத் தொட்டாள்.

“கொஞ்சம் இரு, வந்துடறேன்” என்ற சாரதாம்பாள் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள்.

கூடத்தில் அவள் கணவர் மாணிக்கவாசகம் பெட்டிக்குள் படுத்திருந்தார். பெண்டஹாரா ரோட்டில் மெத்தைக்கடை. நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, யாருக்கோ பாதி தைத்து வைத்திருந்த கல்யாண மெத்தையில் சாய்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. பஞ்சு ஒட்டிய மீசையோடுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

இனி அவளைக் கிணற்றடியில் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஈரத்துணியை அவிழ்த்துப் புதுச்சேலை கட்டிவிடுவது, அவர்கள் வழக்கத்தில் நாத்தனாரின் வேலை.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த வருடம் பெரியாஸ்பத்திரியில் சாரதாம்பாளின் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அவர்கள் குடியிருக்கும் காஜா பேராங்கில் யாருக்கும் தெரியாது. வயிற்றில் கட்டி என்று சொல்லிவைத்திருந்தாள். ஜெயா நல்லவள்தான். ஆனால் அவள் கண்ணில் பட்டது சாயங்காலத்துக்குள் பக்கத்து ஊரான பத்து பெரெண்டாம் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் அவள் சுவரைப் பார்த்தே படுத்தாள். எதிரே ஆள் வந்தால் கை தானாக நெஞ்சுக்கு ஏறும். மாணிக்கவாசகம் ஒரு நாள் கடையில் மிஞ்சிய இலவம்பஞ்சைத் திணித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ள ஒரு சின்ன மெத்தை தைத்துக்கொண்டுவந்தார். நாலு எட்டு நடந்ததும் அது தோளுக்கு ஏறியது.

“கனம் பத்தல” என்று சொல்லிப் பிரித்து, இரண்டு பிடி பச்சைப்பயறு சேர்த்துத் தைத்தார்.

பசாருக்குப் போன இடத்தில் நல்ல மழை. நனைந்ததைக் கழற்றிக் கொடியில் போட்டு மறந்துவிட்டாள். மூன்றாம் நாள் அவர் அதைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். தையலுக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாய் முளை எட்டிப் பார்த்தது.

“சாரதா, விளைச்சல் வந்துருச்சு. பொரியல் பண்றியா?”

ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து சிரிக்காதவள் அன்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்துச் சிரித்து அவர் தோளிலேயே சாய்ந்தாள். படுக்கப் போனபோது சுவர் பக்கம் திரும்பவில்லை. தழும்பின் மேல் அவர் கை வந்தது. அவள் விலக்கவில்லை.

அதன்பின் பயறு போய் மணல் வந்தது. வருடத்துக்கு ஒன்று புதிதாகத் தைத்தார். ஊருக்குத்தான் அது. வீட்டுக்கதவு சாத்தியதும் அவரே எடுத்து அலமாரியில் வைத்துவிடுவார்.

“அண்ணி, நேரமாகுதுலா.” ஜெயா கதவைத் தட்டினாள்.

சாரதாம்பாள் அந்தச் சின்ன மெத்தையை ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்தாள்.

ஜெயாவின் பார்வை அவள் நெஞ்சுக்கு இறங்கி, கையிலிருந்ததற்குப் போய், திரும்பவும் நெஞ்சுக்கே வந்தது.

“அண்ணி... இது...”

“கட்டி வயித்துல இல்ல ஜெயா.”

“அண்ணனுக்குத் தெரியுமா?” கேட்ட பிறகுதான் கேள்வி அவளுக்கே உறைத்தது. தலை குனிந்துகொண்டாள்.

“உங்கண்ணன் தச்சதுதான் இது.”

சாரதாம்பாள் கூடத்துக்கு நடந்தாள். கணவரின் தலையை ஒரு கையால் தூக்கி அதை அடியில் வைத்தாள். மீசை ஓரத்தில் இன்னும் ஒட்டியிருந்த பஞ்சை விரலால் எடுத்தாள்.

கால்மாட்டில் நின்ற மகன் தியாகு குனிந்து பார்த்தான். “என்னம்மா, இவ்ளோ சின்னத் தலகாணி? கடையில பெருசா இருக்கு, போய் எடுத்துட்டு வரவா?”

“வேணாம்பா. அப்பாவுக்கு இதான் பழக்கம்.”

ஜெயா மூக்கை உறிஞ்சிக்கொண்டு முதலில் பின்கட்டுக்குப் போனாள். “சேலை மாத்த நான் ஒருத்தி போதும். மத்தவங்க தண்ணி ஊத்திட்டு முன்னால போங்க” என்று அவள் அதட்டுவது கேட்டது.

கிணற்றடிப் பலகையில் சாரதாம்பாள் உட்கார்ந்தாள். முதல் குடம் தலையில் விழுந்தது. சேலை உடம்போடு ஒட்டிக்கொண்டது. சுற்றி நின்றவர்களின் பார்வை அவள் இடப்பக்கத்தில் வந்து நின்றது.

அவள் கைகள் மடியிலேயே இருந்தன.

“ஊத்து ஜெயா, தண்ணி ஜில்லுனு நல்லாத்தான் இருக்கு” என்றாள்.