பெனால்டி கட்டத்துக்குள் ஒரு வீடு

புது மைதானத்தில் நடந்த முதல் ஆட்டத்திலேயே வெளியூர் அணியின் முன்கள வீரன் இல்லாத சுவரில் மோதி மூக்கை உடைத்துக்கொண்டான். நடுவர் ஃபவுல் கொடுக்க ஆளைத் தேடினார். பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஆகவே ஆட்டம் தொடர்ந்தது. சுவர் இருந்தது வடக்கு கோலுக்கு முன்னால், பெனால்டி கட்டத்துக்குள். கொஞ்ச நாள் முன்பு வரை அங்கே ஓட்டு வீடு ஒன்று இருந்தது. புல்டோசர் ஒரே காலையில் அதைத் தரைமட்டமாக்கியது. கால்பந்துச் சங்கத் தலைவரான சிமெண்ட் கடைக்காரர் உட்கார்ந்து ஆட்டம் பார்க்க, மேற்குப் பக்கத்தில் அந்தச் செங்கல்லிலேயே மேடை எழும்பியது. ஆனால் வீடு போகவில்லை. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்காரியும் போகவில்லை. தையல்காரி, பழைய இடத்திலேயே மிஷினைப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தாள். மழை பெய்தால் அவள் தலையில் ஒரு சொட்டு விழாது. கூரை இருந்த அளவுக்குத் தரை காய்ந்து கிடக்கும்.

அவள் கோல்கீப்பரின் அக்கா. கோல்கீப்பர் வெல்டிங் பட்டறைக்காரன். பந்து கையில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஊரே அவனைப் பிசின் என்றது. மைதானத்தை அளப்பது கோல்கீப்பர்தான், அதுவும் காலடியால் என்பது அந்தச் சங்கத்தின் வழக்கம். பழைய மைதானத்தைத் தலைவர் தன் கிடங்குக்கு வளைத்துக்கொண்டு இந்தத் தரிசைக் காட்டியபோது, கிழக்கு மேற்காகக் கோடு போடுவதாகத்தான் பேச்சு. அப்படிப் போட்டிருந்தால் அக்காவின் வீடு கோட்டுக்கு வெளியே நின்றிருக்கும். சாயங்கால வெயில் கண்ணைக் குத்தும் என்று வடக்கு தெற்காகத் திருப்பியவன் பிசின். அக்கா வீடு உள்ளே வருகிறதே என்று ஒரு வார்த்தை கேட்கவும் கேட்டான். "மாத்து இடம் பேசி முடிச்சாச்சு தம்பி, நீ கவலையை விடு" என்றார் தலைவர். அவன் விட்டுவிட்டான். அக்காவிடம் கேட்கவில்லை. மாற்று இடம் என்று ஒன்று கிடையவே கிடையாது. இடித்த அன்று அவள், "உனக்குக் கண்ணு கூசுதுன்னு என் வீட்டை இடிச்சிட்டீங்களாடா?" என்றாள். அதோடு அவனிடம் பேச்சை நிறுத்தினாள். அந்தக் கதவு எங்கே என்று அவனுக்குத் தெரியும். தட்டினால் சத்தம் கேட்கும், திறக்காது.

வெளியூர்க்காரர்கள் அணி அணியாக வந்து சுவரில் முட்டி விழுந்தார்கள். உள்ளூர் ஆட்டக்காரர்களோ அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்து வளர்ந்தவர்கள். வடக்கு கோல் எதிரணிக்கு வரும் பாதியில், வாசல் கதவை ஓர் உதை விட்டுத் திறந்து, கூடத்தைத் தாண்டி, அடுப்பங்கரை வழியாகப் பின்வாசலில் இறங்கிக் கோல் அடித்தார்கள். "பூட்ஸ் காலோட அடுப்பங்கரைக்குள்ள வர்றீங்களே, நீங்கல்லாம் மனுஷங்களா?" என்று அவள் கத்துவாள். "கொஞ்சம் ஒதுங்கிக்கக்கா, கார்னர் கிக்கு!" என்பான் இடதுபக்க ஆட்டக்காரன். கூட்டம் சிரிக்கும். இரண்டு வருடம் அணி தோற்கவேயில்லை. "இந்த மாதிரி டிஃபெண்டர் எவனுக்குக் கிடைக்கும்!" என்று தலைவர் மேடையில் தொடையைத் தட்டினார். சிறந்த கோல்கீப்பர் என்று பிசினுக்குச் சால்வை போட்டார்கள். அதை வாங்கி, பட்டறையில் எண்ணெய் துடைக்கப் போட்டான். கோபம் யார்மேல் என்று அவனுக்கே பிடிபடவில்லை.

இறுதி ஆட்டத்தில் இடதுபக்க ஆட்டக்காரன் உதைத்துத் திறந்து ஓடிய வேகத்தில் அடுப்பு சாய்ந்தது. கொதித்த தண்ணீர் அக்காவின் காலில் கொட்டியது. பந்து வலைக்குள் போனது. அவள் அலறல் விசில் சத்தத்தில் அடங்கிவிட்டது. நடுவர் கோல் என்று கை காட்டினார்.

தெற்கு கோலில் நின்ற பிசினுக்கு மட்டும் அது கேட்டது. தானே வெல்டிங் வைத்து நட்ட கோல் கம்பத்தைக் கட்டிப்பிடித்துப் பிடுங்கினான். காங்கிரீட்டோடு வந்தது. தோளில் போட்டுக்கொண்டு கிழக்கே நடந்தான்.

"டேய் பிசின், கோப்பை போச்சுடா!" என்றார் தலைவர்.

"கோப்பையை உங்க கிடங்குல கவுத்து வைங்க. இடிச்சதும் நாம, ஒளிஞ்சிக்கிறதும் அந்த வீட்டுக்குப் பின்னாலயே! சோறுதானே திங்கிறோம்?"

ஒருவரும் கிட்டே போகவில்லை. அதைக் கிழக்கே நட்டு, வடக்குக் கம்பத்தையும் பிடுங்கி மேற்கே நட்டு, மைதானத்தைக் கிழக்கு மேற்காகத் திருப்பினான். காலடியால் அளந்தபோது தலைவரின் மேடை கோட்டுக்குள் வந்தது. கோட்டுக்குள் வந்ததை இடிப்பதுதானே இந்தச் சங்கத்து வழக்கம் என்று சொல்லி, தலைவர் இறங்குவதற்குள் சம்மட்டியை ஓங்கினான்.

அதன்பிறகு அணி சாயங்காலம்தோறும் தோற்றது. வெயிலில் பிசினுக்குப் பந்தே தெரியவில்லை. வெளியே போகும் பந்து அக்காவின் சுவரில் பட்டுத் திரும்பினால் த்ரோ என்று நடுவர்கள் பழகிக்கொண்டார்கள். தபால்காரர் திண்டாடாமல் ஜன்னலில் தபால் போட்டார்.

மேடைச் செங்கல்லைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து பிசின் அவள் வாசலில் அடுக்கினான். கட்டுப்போட்ட காலோடு அவள் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"இருக்கிற சுவத்து மேல என்னத்தடா கட்டப்போற?"

அவன் வண்டியைத் திருப்பினான். பின்னால் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

"ஆட்டம் போட்டுக் கிளப்பின புழுதியெல்லாம் துணி மேல படியுது. உள்ள வர்றதுன்னா வந்து கதவைச் சாத்து. மரம் மாதிரி நிக்காத."

பிசின் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்தான். உள்ளே போய், காற்றில் கையால் துழாவிக் கதவைப் பிடித்து இழுத்துச் சாத்தினான். புழுதி வெளியே நின்றுவிட்டது.