குடிக்கலாம்

மகள் வாயருகே கொண்டுவந்த தம்ளரை அம்மா தட்டிவிட்டாள்.

“அவர் குரல் குடுத்தாரா?”

“அம்மா, அப்பா இனிமே எங்க குரல் குடுக்கப் போறாரு?”

அப்பா கூடத்துக் கட்டிலில் கிடந்தார். விடிகாலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். எழுபத்திரண்டு வயது, ஒரு முனகல்கூட இல்லை. கொடுத்துவைத்த சாவு என்றார்கள் வந்தவர்கள். மகளுக்கும் அப்படித்தான் பட்டது. அழுகை வந்தது, ஆனால் மனசு ஆறியிருந்தது.

எண்பது வீட்டுக் குடியிருப்புக்கு அவர்தான் தண்ணீர்க்காரர். தினமும் காலையில் தொட்டியில் குளோரின் ஊற்றுவார். பிறகு தெருக்கோடிக் குழாயில் ஒரு கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்து, மருந்து ஐந்து சொட்டு விடுவார். வெளிர்மஞ்சளாக மாறினால் குளோரின் அளவு சரி; அதைக் கொட்டிவிட்டு, குழாயில் ஒரு வாய் தானே குடித்துப் பார்த்து, “குடிக்கலாம்!” என்று கத்துவார். அதுவரை ஒரு வீட்டிலும் தண்ணீர் வாயில் படாது. சொட்டு மாமா என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் வந்த பதினெட்டு வருஷத்தில் வயிற்றுப்போக்கென்று ஒருவரும் ஆஸ்பத்திரிப் படி ஏறவில்லை. இதைச் சொல்லிச் சொல்லியே வீட்டில் எல்லாருடைய உயிரையும் வாங்கியிருக்கிறார்.

மணி பத்து. வாசலில் வெயில் கொளுத்தியது. வெளியூர் உறவுக்காரர்கள் குழாயைத் திறக்கப் போனால் தெருக்காரர்கள் விடவில்லை. “இருங்க, இன்னும் குரல் வரல” என்றார்கள், வழக்கம்போல. அம்மாவுக்கு அழுது அழுது நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா போன அன்றைக்கே யாருக்காவது வயிறு கெட்டால் அவர் பேர் என்ன ஆவது? மகள் அவருடைய சட்டைப் பையிலிருந்து குழலையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கோடிக் குழாய் ரொட்டிக் கடைக்காரர் வீட்டு வாசலில் இருந்தது. ஐந்து சொட்டு விட்டாள். தண்ணீர் மஞ்சளோடு நிற்காமல் ஆரஞ்சுப் பழம் மாதிரி ஆகிவிட்டது.

“ஐயோ! தொட்டில யாரு ஊத்தினது?”

குழாயடியில் நின்ற தெருக்கார மோட்டார் மெக்கானிக் தலையைச் சொறிந்தான். “நான்தாங்க்கா. மாமா இல்லையே, யாரு செய்வான்னு... ரெண்டு மக்.”

“அடப்பாவி, ஆறு மணிக்கே நான் ஏறி ஊத்திட்டேனே!” என்றார் ரொட்டிக் கடைக்காரர்.

கூடவே வந்திருந்த கணவன் எச்சிலை விழுங்கினான். “நீ அழுதுட்டு இருந்தியா, அதான் சொல்லல. நானும் ரெண்டு மக்...”

“ஆளாளுக்கு ரெண்டு மக்கா? இது தண்ணியா, பினாயிலா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீடாயிற்றே என்று வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. அவர்களும் சிரித்தார்கள். மெக்கானிக்தான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தொட்டியில் பாதிக்கு மேல் வடித்துவிட்டுப் புதுத்தண்ணீர் ஏற்றினார்கள். குழாய்களையும் நன்றாக ஓடவிட்டார்கள். மதியமாகிவிட்டது. மறுபடி ஐந்து சொட்டு விட்டாள். வெளிர்மஞ்சள். குழலைக் கழுவிவிட்டு, குழாயில் கையேந்தி ஒரு வாய் குடித்தாள். தெருப் பக்கம் திரும்பினாள். செருமிக்கொண்டாள்.

“குடிக்கலாம்!”

தெரு நெடுகக் குழாய்கள் திறக்கும் சத்தம் கேட்டது.

அம்மா ஒரு தம்ளரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“இன்னும் நெடி அடிக்குது. நாளைக்கு நீ மட்டும் ஏறி ஊத்து.”

“நாளைக்கா? நானா?”

அம்மா காலித் தம்ளரை மறுபடி நீட்டினாள்.